அழுக்கை யார் வாங்குவது?

கடல் ஞாயிறு பிரசங்கம்



ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபை கடல் ஞாயிறாக அனுசரித்து வருவது உங்களுக்குத் தெரிந்த காரியம். கப்பலில் வேலை செய்து பிழைக்கிறவர்களுக்காகவும், வள்ளத்தில் போகிற நம் ஆண்மக்களுக்காகவும், அவர்கள் கரையேறுமட்டும் கண்ணுறங்காமல் காத்திருக்கிற தாய்மாருக்காகவும் இன்றைய பூசையிலே வேண்டிக்கொள்ளுகிறோம். வழக்கமாக இந்த நாளில் புயலையும் அலையையும் பற்றித்தான் பிரசங்கம் இருக்கும். 2017-ம் வருஷத்து ஒக்கிப் புயலில் போனவர்களை நினைக்காமல் நம் கரையில் யாராலும் கடல் ஞாயிறு கொண்டாட முடியாது.

ஆனால் இந்த விசை நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுகிறேன். கேட்ட மாத்திரத்தில் அது கோவிலில் பேசுகிற விஷயமாகத் தோன்றாது. கப்பலிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் கடலுக்குள் போகிற அழுக்கைப் பற்றியே பேசப்போகிறேன். இதில் நம் பிழைப்பும் அடங்கியிருக்கிறது, நம் மனச்சாட்சியும் அடங்கியிருக்கிறது. ஆகையால் பொறுமையாய்க் கேளுங்கள்.

2025-ம் வருஷம் மே மாதக் கடைசியில் நம் குமரிக் கரையில் ஒதுங்கிய வெள்ளை மணிகளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அலை விட்டுப்போன கோட்டோடு ஜவ்வரிசி சிந்தினது போலக் கிடந்தது. சிறு பிள்ளைகள் கொட்டாங்கச்சியில் அள்ளிச் சோறாக்கி விளையாடினார்கள். பெரியவர்களுக்கும் அது என்னவென்று முதலில் விளங்கவில்லை. பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஆலைகளுக்குப் போகும் மூலப்பொருள் அது. உருக்கி வார்ப்பதற்கு முன்னே அந்தப் பிளாஸ்டிக் இப்படிச் சிறு மணியாய்த்தான் இருக்கும். மீனும் கடற்பறவையும் அதைச் சினையென்று எண்ணி விழுங்கும். அது மக்கவும் மக்காது, சீரணிக்கவும் செய்யாது. மணலோடு கலந்துவிட்டால் சல்லடை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சல்லடை பிடித்துக் குனிந்து நின்றவர்களைக் கேளுங்கள், ஒரு முழம் மணலைச் சுத்தம் பண்ண எத்தனை நேரம் பிடித்ததென்று சொல்லுவார்கள்.

அந்த மணிகள் எங்கிருந்து வந்தன? விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல், 2025 மே 24-ந் தேதி கொச்சிக்கு ஏறக்குறைய 38 கடல் மைல் தூரத்தில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, மறுநாள் மூழ்கிப்போயிற்று. சர்வேசுரனுடைய கிருபையால் மாலுமிகள் 24 பேரும் உயிர் தப்பினார்கள். கப்பலில் அறுநூற்றுக்கு மேற்பட்ட சரக்குப் பெட்டகங்கள் இருந்தன. அவற்றில் 13 பெட்டகங்களில் அபாயமான பொருள்கள், அதிலும் 12-ல் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவைக் கக்குகிற கால்சியம் கார்பைடு. இஞ்சினுக்கான எண்ணெய் வேறு நானூறு டன்னுக்கு மேல். கேரள அரசு அதை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்தது. பெட்டகம் கரையொதுங்கினால் கிட்டே போகாதேயுங்கள், தொடாதேயுங்கள் என்று ஊரூராய்ச் சொல்லப்பட்டது. அந்த நாட்களில் நல்ல மீனைக்கூட ஜனங்கள் வாங்கப் பயந்தார்கள். எங்கேயோ யாரோ ஏற்றின சரக்கு, யாருக்கோ போகவேண்டிய சரக்கு. அதற்காக நம் வீட்டு அடுப்பு அணைந்தது.

இதைக் கேட்கிற உங்களில் சிலர், கப்பல் மூழ்குவது விபத்துத்தானே, விபத்தில் பாவம் எங்கே வந்தது என்று நினைக்கலாம். நியாயமான கேள்வி. மூழ்குகிற கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிவது வேதத்திலேயே இருக்கிறது. யோனாஸ் தீர்க்கதரிசி ஏறின கப்பலின் மாலுமிகள் புயலுக்குப் பயந்து சுமைகளைக் கடலில் எறிந்தார்கள். அர்ச். சின்னப்பர் கைதியாய் ரோமாபுரிக்குப் போன கப்பலிலும் 276 ஆத்துமாக்களைக் காப்பாற்றக் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். இன்றைய சர்வதேசச் சட்டமும் உயிரையோ கப்பலையோ காப்பதற்காகக் கொட்டினதைக் குற்றமாக எண்ணுகிறதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் கோதுமையை மீன் தின்றிருக்கும். இன்றைய சரக்கோ மீனைத் தின்கிறது.

விபத்துக்கு முன்னே என்ன நடந்தது என்று பார்த்தால்தான் பாவம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும். இதற்கு நான் நெடுநாளாய் மனதில் வைத்திருக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன்.

2021-ம் வருஷம் மே மாதம். எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல், சிங்கப்பூரில் பதிவானது, கட்டி இறக்கிச் சில மாதங்களே ஆன புதுக் கப்பல், 1,486 பெட்டகங்களோடு கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதில் நைட்ரிக் அமிலம் 25 டன் இருந்தது. அமிலம் வைத்த பெட்டகம் ஒன்று ஒழுகுவதைக் கொழும்பு வந்து சேருவதற்குப் பல நாட்களுக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டார்கள். கத்தார் தேசத்து ஹமாத் துறைமுகத்தில் அதை இறக்கிக்கொள்ளும்படி கேட்டார்கள், முடியாதென்று பதில் வந்தது. குஜராத்திலுள்ள ஹசீராத் துறைமுகத்தில் கேட்டார்கள், அங்கேயும் அதே பதில். ஒழுகுகிற அமிலத்தைக் கையாளத் தக்க வசதியும் ஆட்களும் உடனடியாக இல்லை என்று காரணம் சொல்லப்பட்டதாய்க் கப்பல் நடத்தினவர்கள் பிறகு தெரிவித்தார்கள். கப்பல் அந்த ஒழுகலோடேயே கடலைக் கடந்தது. மே 20-ந் தேதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கையில் தீப்பிடித்தது. 25-ந் தேதி பெரிய வெடிப்பு உண்டாகி, கப்பலிலிருந்தவர்களை இறக்கவேண்டியதாயிற்று. பல நாள் எரிந்து, ஜூன் 2-ந் தேதி ஆழத்துக்கு இழுத்துப்போகப் பார்த்தபோது பின்பக்கம் கடலடியில் தட்டி நின்று, பிறகு முழுவதுமாய் மூழ்கிற்று. ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் அதிலிருந்தன. நீர்கொழும்புக் கரை வெண்பனி பெய்ததுபோல் ஆயிற்று. ஆமைகளும் ஓங்கில்களும் செத்து ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை வந்தது.

நீர்கொழும்பு யாருடைய ஊர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம்மைப்போலவே கடலை நம்பி, நம்மைப்போலவே ஜெபமாலை சொல்லி வலையிறக்குகிற கத்தோலிக்கர் நிறைந்த கரை அது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்தக் கப்பலுக்குச் சம்பந்தப்பட்டவர்கள் 100 கோடி அமெரிக்க டாலர் நஷ்டஈடு கொடுக்கவேண்டுமென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர நாலு வருஷமாயிற்று. நாலு வருஷம் ஒரு மீனவக் குடும்பம் எதைத் தின்று ஜீவிக்கும் என்பதை நீதிமன்றத்தாரைவிட நீங்கள் நன்றாய் அறிவீர்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒழுகுகிற ஒரு பெட்டகம். எவ்வளவு பெரிய சாமான்? லாரியில் ஏற்றும் ஒரு பெட்டி. அதை வாங்கிக்கொள்ளுகிற ஒரு கரை கிடைத்திருந்தால்? அந்த இரண்டு துறைமுகத்தாரையும் நான் கொலைகாரர் என்று சொல்லவரவில்லை. அவர்கள் சொன்ன காரணம் மெய்யாகவே இருக்கலாம். வசதியில்லாத இடத்தில் அமிலத்தை இறக்கியிருந்தால் அங்கே கூலிக்கு வேலை செய்கிறவன் செத்திருப்பான். பெட்டகத்தைச் சரியாய் அடைக்காமல் அனுப்பினவன் முதல், ஒழுகுகிறதென்று தெரிந்தும் பயணத்தைத் தொடர்ந்தவன் வரை பலர் கை இதில் உண்டு. தீர்ப்பிட வேண்டியவர்கள் தீர்ப்பிட்டார்கள். ஆனால் வேறொரு காரியம் என் மனதை உறுத்துகிறது. நல்ல சரக்கை இறக்குவதற்கு எல்லாத் துறைமுகங்களிலும் பாரந்தூக்கி உண்டு, கிட்டங்கி உண்டு, இரவும் பகலும் ஆள் உண்டு. கெட்டுப்போனதை இறக்குவதற்கு மாத்திரம் ஒன்றுமில்லை. என் வாசலில் வேண்டாம், அப்பாலே கொண்டு போ, அவ்வளவுதான் பதில். போஞ்சு பிலாத்து கையைக் கழுவினபோதும் அவனுடைய கை சுத்தமாய்த்தான் இருந்தது. கழுவின தண்ணீர் எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, கப்பல் என்பது மிதக்கிற ஊர். அதில் சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், குப்பை சேருகிறது, மலசலம் சேருகிறது. பெரிய கப்பலின் இஞ்சின் நாள்தோறும் டன் கணக்கில் எண்ணெய் குடிக்கிறது. அதன் கசண்டு தேங்குகிறது. இஞ்சின் அறையின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து ஊறிக்கொண்டேயிருக்கும். உங்கள் விசைப்படகின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் தெரிகிற அதே கறுப்புத் தண்ணீர்தான், நூறு மடங்காய். முற்காலத்தில் இதையெல்லாம் கேள்வி முறையில்லாமல் கடலில் விட்டார்கள். 1967 மார்ச்சில் டோரி கானியன் என்ற எண்ணெய்க் கப்பல், பிரயாணத்தைச் சுருக்க எண்ணி, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் பாறையில் மோதி, லட்சத்துக்கு மேற்பட்ட டன் கச்சா எண்ணெயைக் கடலில் விட்ட பிறகுதான் உலகத்தார் விழித்தார்கள். எண்ணெயைக் கரைக்கவென்று அன்று மேலே தெளித்த ரசாயனச் சவுக்காரம், எண்ணெயைவிட அதிகமாய்க் கடற்பிராணிகளைக் கொன்றது என்பது பிறகு தெரிந்தது. கறை கண்ணுக்கு மறைந்தது, கடல் பிழைக்கவில்லை.

அதன் பலனாக 1973-ல் உண்டாகி, 1978-ல் திருத்தம் பெற்று, 1983 அக்டோபரில் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கைக்கு மார்போல் என்று பேர். எண்ணெய், ரசாயனம், பெட்டகச் சரக்கு, மலசலம், குப்பை, புகை என்று ஆறு பாகமாய் அது கப்பலைக் கட்டுப்படுத்துகிறது. அடித்தண்ணீரை எந்திரத்தில் விட்டுப் பிரித்து, பத்து லட்சம் பங்கில் 15 பங்குக்கு மேல் எண்ணெயில்லாமல்தான் கடலில் விடலாம். எங்கே எப்போது எவ்வளவு விட்டோமென்று எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதவேண்டும். பிளாஸ்டிக் எந்தக் கடலிலும், எவ்வளவு தூரத்திலும், ஒரு துண்டுகூட எறியக்கூடாது. புகையிலும் கட்டுப்பாடு உண்டு. 2020 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் இருக்கலாகாது. முன்னே மூன்றரைப் பங்கு வரை விட்டிருந்தார்கள்.

இவ்வளவும் கப்பலுக்குச் சொன்ன கற்பனை. ஆனால் அதே உடன்படிக்கை துறைமுகத்துக்கும் ஒரு கற்பனை விதித்திருக்கிறது. இதைப் பலர் அறியார்கள். வருகிற கப்பலின் கசண்டையும் குப்பையையும் மலசலத்தையும் வாங்கிக்கொள்ளத் தக்க வசதியை ஒவ்வொரு நாடும் தன் துறைமுகத்தில் வைத்திருக்கவேண்டும், கப்பலைத் தேவையில்லாமல் தாமதப்படுத்தாமல் வாங்கவேண்டும் என்பதே அது. எவ்வளவு நியாயம் பாருங்கள். கொட்டாதே என்று ஒருவனுக்குச் சொன்னால், எங்கே கொடுப்பதென்றும் சொல்லவேண்டாமா? வாங்குகிறவன் இல்லாத இடத்தில், அல்லது வாங்குவதற்கு அநியாயக் கூலி கேட்கிற இடத்தில், கப்பல்காரன் ராத்திரி வருமட்டும் காத்திருப்பான். ராத்திரியில் கடலுக்கு வாசல் காவல் கிடையாது.

ஐரோப்பிய நாடுகள் இதற்கு ஒரு யுக்தி செய்திருக்கின்றன. துறைமுகத்துக்கு வருகிற கப்பல் குப்பையைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குப்பைக்கான கட்டணத்தை முன்னதாகவே வசூலித்துவிடுகிறார்கள். கொடுக்காமல் போனால் ஒரு காசும் மிச்சமில்லை என்றால், கடலில் எறிய எவனுக்கு மனம் வரும்? மனுஷனுடைய பேராசையை அறிந்து செய்த சட்டம் என்று எனக்குப் படுகிறது. நம் தேசத்துத் துறைமுகங்களிலும் எல்லா இடத்திலும் இப்படி நடந்தால் நல்லது.

சட்டம் இருந்தும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. கரீபியன் பிரின்சஸ் என்ற உல்லாசக் கப்பலில் 2013-ம் வருஷம் புதிதாய் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் இஞ்சினீயர், சுத்திகரிக்கிற எந்திரத்தைத் தாண்டி எண்ணெய்த் தண்ணீரை நேரே கடலுக்கு விடும் கள்ளக் குழாய் ஒன்றைக் கண்டான். கப்பல்காரர் நடுவே அதற்கு மாயக் குழாய் என்று பேர். இங்கிலாந்துக் கரைக்கு அருகே அன்று ஆயிரக்கணக்கான காலன் எண்ணெய்த் தண்ணீர் கடலில் விடப்பட்டிருந்தது. அவன் சும்மா இருந்திருக்கலாம். புது வேலை, நல்ல சம்பளம், மேலதிகாரிகள் சம்பந்தப்பட்ட விஷயம். அவனோ படம் பிடித்துக்கொண்டு, சவுதாம்ப்டன் துறைமுகத்தில் வேலையை விட்டு இறங்கி, அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிவிட்டான். உடனே கப்பலில் குழாயைக் கழற்றி மறைத்தார்கள், விசாரித்தால் பொய் சொல்லும்படி கீழ்ப்பட்டவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். ஆனாலும் உண்மை வெளிவந்தது. 2005 முதலே இது நடந்து வந்ததும் தெரிந்தது. 2016-ல் அந்தக் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு நாலு கோடி டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

ஞானோபதேச வகுப்பில் படித்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பிறருடைய பாவத்தில் நாம் பங்கு பெறும் வழிகள் ஒன்பது என்று மனப்பாடம் செய்தோமே. கட்டளையிடுவது, யோசனை சொல்லுவது, சம்மதிப்பது, புகழுவது இவைகளோடு, மறைப்பதும், வாயை மூடிக்கொண்டிருப்பதும் அதில் உண்டு. நம் பங்கிலிருந்து கப்பல் வேலைக்குப் போயிருக்கிற வாலிபர் பலர். இந்தத் தாளைப் படம் பிடித்து அவர்களுக்கு அனுப்புகிற பெற்றோர் இருப்பீர்கள். அவர்களுக்கு நான் சொல்லுவது: மகனே, பெரியவன் சொன்னான் என்பதற்காகப் பதிவேட்டில் பொய் எழுதாதே. உன் கையெழுத்துக்குச் சர்வேசுரன் உன்னைத்தான் கேட்பார். சட்டப்படியும் சிக்குகிறவன் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவனே.

நம் தமிழ்க் கரையிலும் மறைப்பின் கதை ஒன்று உண்டு. 2017 ஜனவரி 28-ந் தேதி விடியுமுன்னே, எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் சிந்தி மாசு உண்டாகவில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிறகு கரையெல்லாம் தார்போலக் கறுப்புக் கசண்டு ஒதுங்கிற்று. அதை எதனால் அள்ளினார்கள் தெரியுமா? வாளியால். மீனவரும் மாணவரும் கடலோரக் காவல் படையினரும் வரிசையாய் நின்று, வாளியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி அள்ளினார்கள். வாளி தூக்கின அந்தப் பிள்ளைகளைச் சர்வேசுரன் ஆசீர்வதிப்பாராக. ஆனால் முதல் நாளே உள்ளதை உள்ளபடி சொல்லி, எண்ணெய் பரவாதபடி மிதவை வேலி இட்டு வளைத்திருந்தால் வேலை பாதியாயிருக்கும். எண்ணெய்க்கும் பாவத்துக்கும் இதில் ஒரே குணம்: முதல் மணி நேரத்தில் ஒப்புக்கொண்டால் ஒரு வட்டத்துக்குள் நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கும் உண்டு. சரக்கில்லாத கப்பல் ஆட்டங்காணாதிருக்கப் பாரத்துக்காகக் கடல் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். சரக்கேற்றப் போகிற துறைமுகத்தில் அதை வெளியே விடும். அந்தத் தண்ணீரோடு ஒரு தேசத்துப் பூச்சியும் சிப்பியும் மறுதேசத்துக்குக் குடிபோகும். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் காக்கா ஆழி என்று ஜனங்கள் சொல்லுகிற ஒரு சிப்பி இப்போது தரையெல்லாம் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறது. தென் அமெரிக்கக் கரைக்குச் சொந்தமான சிப்பி அது. கப்பல் வழியாய் வந்திருக்கவேண்டுமென்று கருதப்படுகிறது. அது படர்ந்த இடத்தில் இறால் தங்குவதில்லை, மஞ்சள் மட்டி வளருவதில்லை. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குக் கை கிழிந்ததுதான் மிச்சம். இந்தப் பாரத் தண்ணீரைச் சுத்திகரிக்கவேண்டுமென்ற சர்வதேச விதி 2017 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் எத்தனை கப்பல் வந்து போயிற்றோ!

இதெல்லாம் எந்தக் கற்பனைக்கு விரோதம் என்று கேட்டால், ஏழாம் கற்பனைக்கு என்றே சொல்லுவேன். களவு என்றால் பெட்டியைத் திறந்து எடுப்பது மாத்திரமல்ல. பிறனுடைய பிழைப்புக்கு அநியாயமாய் நஷ்டம் செய்வதும் களவுதான். சுத்தம் செய்கிற செலவை மிச்சம் பிடிக்கிற கப்பல்காரன், அந்தப் பணத்தை நம் கரைமடியிலிருந்துதான் எடுக்கிறான். சாளையும் நெத்திலியும் குறைந்தால் யாருடைய பையிலிருந்து குறைகிறது? ஏழாம் கற்பனைப் பாவத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மனஸ்தாபப்பட்டால் மாத்திரம் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், செய்த நஷ்டத்துக்கு ஈடு செய்யவேண்டும். நஷ்டஈடு கேட்டு நீதிமன்றம் போகிற மீனவரைப் பேராசைக்காரர் என்று சிலர் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் ஞானோபதேசத்தை மறுபடி படிக்கட்டும்.

இதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். இனிச் சொல்லப்போகிறது உங்களுக்குப் பிடிக்காமலிருக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் சாயங்காலம் நான் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் நடந்து போனேன். எந்தத் துறைமுகம் என்று சொல்லவில்லை, எல்லாம் ஒரே மாதிரிதான். ஒரு விசைப்படகில் இஞ்சின் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய எண்ணெயைத் தகர டப்பாவில் பிடித்து, என் கண் முன்னே துறைக்குள் சாய்த்தார்கள். தண்ணீர்மேல் மயிற்கழுத்து நிறத்தில் பரவிற்று. படகுக்காரர் நம்மவர்தான், முதற்பூசை தவறாதவர். நான் சும்மா இருக்கமாட்டாமல், “என்னப்பா இது, நீயே இப்படிச் செய்யலாமா?” என்று கேட்டேன்.

“கடல் பெருசுல்லா சாமி, ஒரு டப்பா எண்ணெயில என்ன ஆயிரப்போவுது?” என்றார் அவர்.

“கப்பல்காரனும் அதைத்தானே சொல்லுகிறான்?” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பின்ன இத எங்க கொண்டு ஊத்த, சாமி? நீங்களே சொல்லுங்க. கரையில ஊத்தினா கிணறு கெடும். வீட்டுக்குக் கொண்டுபோனா அவ ஏசுவா. வாங்கிக்கிடுறதுக்கு இங்க யாரு இருக்கா?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. துறை முழுவதும் சுற்றிப் பார்த்தேன். ஐஸ் கட்டி விற்க இடமிருந்தது, டீசல் பிடிக்க இடமிருந்தது, மீன் ஏலம் போடப் பெரிய கொட்டகை இருந்தது. பழைய எண்ணெயை வாங்க ஒரு பீப்பாய் கிடையாது. கிழிந்த நைலான் வலையைப் போட ஒரு மூலை கிடையாது. எத்தனை படகு, எத்தனை வருஷம்! ஹமாத்திலும் ஹசீராவிலும் ஒழுகின பெட்டகத்துக்குக் கிடைத்த பதில்தான் இவருக்கும் கிடைத்திருக்கிறது. நானும் அதே துறை வழியாய் எத்தனையோ தடவை நடந்து போயிருக்கிறேன். படகு மந்திரிக்க, திருநாள் சப்பரத்துக்கு, இறந்தவர்களை எதிர்கொண்டு கூட்டிவர. எனக்கும் அதுவரை தோன்றவில்லை. அவரைக் கடிந்துகொண்டது அவசரம் என்று அன்றிரவு எனக்குப் பட்டது.

கடலில் விட்ட வலைத் துண்டு செத்துப்போகிறதில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பிடிப்பார் இல்லாமலே அது வருஷக்கணக்காய் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். ஆமையைச் சுற்றும், உங்கள் படகின் விசிறியையே சுற்றும். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டின பிளாஸ்டிக் பையைக் கடலில் வீசுகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. கப்பலுக்குத் தடை செய்த அதே பிளாஸ்டிக்தான். பெண்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக் குப்பையை விடிகாலையில் அலைவாயில் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள் யாரென்று நான் பேர் சொல்லப்போகிறதில்லை. அவர்களுக்குத் தெரியும், அண்டை வீட்டாருக்கும் தெரியும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும்போது சில வேளை நான் இதை யோசிப்பதுண்டு. திருச்சபையைத் துறைமுகம் என்று நம் முன்னோர் அழைத்தார்கள். புயலுக்குத் தப்பி வந்து அடைகிற இடம் என்பதற்காக மாத்திரமா அப்படி அழைத்தார்கள்? வருகிறவன் நல்ல சரக்கைக் கொண்டுவந்தால் வாங்கவும், ஒழுகுகிறதைக் கொண்டுவந்தால் வேறு வாசலுக்குப் போ என்று விரட்டவும் சேசுநாதர் நம்மை வைக்கவில்லை. நாறுகிறதை வாங்கத்தானே அந்தத் தொட்டியைச் செய்து வைத்திருக்கிறது. வாங்குவதற்கு ஓரிடம் இருக்கிறதென்று தெரிந்தால் மனுஷன் கொண்டுவருகிறான். இடமில்லை என்றால் ஒளிக்கிறான், ராத்திரியில் கொட்டுகிறான்.

ஆகையால் பங்குப் பேரவையோடும் படகு உரிமையாளர் சங்கத்தோடும் கலந்து கீழ்க்கண்ட ஏற்பாட்டைச் செய்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை முதல் கோவில் கிட்டங்கியின் தென்புறத் திண்ணையில் மூடியுள்ள இரண்டு இரும்புப் பீப்பாய்கள் இருக்கும். பழைய இஞ்சின் எண்ணெயை வடிகட்டாமல் அப்படியே கொண்டுவரலாம். தண்ணீர் கலக்கவேண்டாம், பெயிண்டும் தின்னரும் அதில் ஊற்றவேண்டாம். யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று கேட்கமாட்டோம். பழைய எண்ணெயை மறுசுத்திகரிப்புச் செய்ய அரசின் அனுமதி பெற்றவர்களுக்கே பீப்பாய் நிறைந்ததும் கொடுக்கப்படும், ஊரில் வந்து விலை கேட்கிற மற்ற யாருக்கும் கொடுக்கிறதில்லை. அதில் கிடைக்கும் பணம் ஒக்கியில் இழந்த குடும்பங்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவுக்குப் போகும். கிழிந்த வலைகளுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி இடம் ஒதுக்கியிருக்கிறது. பீப்பாயருகில் பீடி பற்றவைக்கக் கூடாது. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் இருவர் சாயங்காலம் 4 மணி முதல் 7 மணி வரை அங்கே இருப்பார்கள்.

துறைமுகத்திலேயே இப்படி ஓரிடம் வேண்டுமென்று அதிகாரிகளுக்கு எழுதியிருக்கும் மனு பூசை முடிந்தபின் கோவில் வாசலில் கையெழுத்துக்காக வைக்கப்பட்டிருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம். அன்று என்னிடம் கேள்வி கேட்ட படகுக்காரர் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் வழக்கம்போல மாலை 5 மணிக்கு.